சொற்களுக்கு வீடு கட்டிய வீரமாமுனிவர்

இத்தாலி நாட்டின் வடபகுதியிலே, மாந்துவா நகருக்கு அருகே, காஸ்திலியோனே என்றோர் ஊர் உண்டு. நம் முன்னோர் ஞானப்பிரகாசியார் என்று அன்போடு அழைத்த புனித அலோசியுஸ் கொன்சாகா 1568ஆம் ஆண்டு பிறந்த ஊர் அது. அதே ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆம் நாள் கொண்டால்போ பெஸ்கி, எலிசபெத் தம்பதியருக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. கான்ஸ்டன்டைன் ஜோசப் என்று பெயரிட்டார்கள். தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர்கள் அவரை வீரமாமுனிவர் என்று அறிவார்கள்.

1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். ராவென்னா, பொலோஞா நகரங்களிலே பயின்று 1709இல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டு லிஸ்பன் துறைமுகத்திலே கப்பலேறி, அக்டோபரில் கோவா வந்திறங்கி, அங்கிருந்து மேற்குக் கரை வழியாக 1711இல் மதுரை மறைத்தளத்தை அடைந்தார். அவர் தொடக்கத்தில் பணியாற்றிய ஊர்களில் ஒன்று நமது தூத்துக்குடி மாவட்டத்திலேயே, கோவில்பட்டிக்கு அருகில் இருக்கிற காமநாயக்கன்பட்டி. பரலோக மாதா திருவிழாவுக்கு ஆண்டுதோறும் நம் மாணவியர் பலர் குடும்பத்தோடு போய்வருகிற ஊர்தான்.

அப்போது அவருக்கு வயது முப்பது. இலத்தீனும் இத்தாலிய மொழியும் கைவந்தவர். ஆனால் தமிழில் அவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. முப்பது வயதுக்குமேல் அகரம் எழுதிப் பழகியவர் என்பதை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் அவர் செய்த காரியங்களில் பெரும்பாலானவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. தாய்மொழியைத் தாலாட்டிலே கேட்டு வளர்ந்தவருக்கு எழுத்தின் கரடுமுரடு கண்ணில் படுவதில்லை. வெளியிலிருந்து வந்து தட்டுத்தடுமாறிப் படித்தவருக்கு ஒவ்வொரு கல்லும் காலில் இடறும்.

சுப்பிரதீபக் கவிராயர் அவருக்குத் தமிழ் கற்பித்தார் என்பர். தமிழ்நாட்டுத் துறவியரைப் போல உடுத்தி, புலால் உணவை நீக்கி வாழ்ந்தார். தம் பெயரைத் தைரியநாதர் என்று மாற்றிக்கொண்டார். வீரமாமுனிவர் என்பது புலவர்கள் வழங்கிய பெயர் என்று சொல்லப்படுகிறது. ஏலாக்குறிச்சியிலே அடைக்கல மாதாவுக்கும், கோணான்குப்பத்திலே பெரியநாயகி அன்னைக்கும் அவர் ஆலயம் எழுப்பிய வரலாறு மறைக்கல்வி வகுப்பிலே நாம் கேட்டதே. புனித சூசையப்பரின் வாழ்வை 3 காண்டங்களில், 36 படலங்களில், 3615 பாடல்களில் பாடிய தேம்பாவணி 1726இல் நிறைவுற்றது. அதைப் பற்றித் தமிழாசிரியைகள் எழுதுவார்கள். நாங்கள் தொடக்கப் பிரிவிலே சிலேட்டும் சுண்ணக்கட்டியுமாகக் காலம் கழிக்கிறவர்கள். எங்களுக்கு அவர் நெருக்கமாவது வேறு வழியிலே.

ஸ்ரீவைகுண்டத்து மண்ணுக்குத் தமிழ்ப் பெருமை புதிதன்று. குமரகுருபர அடிகள் 17ஆம் நூற்றாண்டிலே இவ்வூரில் பிறந்தவர். ஐந்து வயது வரை அவர் வாய் பேசாதிருந்து, திருச்செந்தூர் முருகன் சந்நிதியிலே பேச்சு வந்து, அப்போதே பாடினார் என்று இவ்வூரார் சொல்வர். ஒன்றாம் வகுப்பு ஆசிரியைகளின் கவலையோ சற்று மாறானது. எங்களிடம் வருகிற பிள்ளைகளுக்குப் பேச்சுக்குக் குறைவே இல்லை! பாடத்தைக் கடகடவென ஒப்பித்துவிடுவார்கள். புத்தகத்தைக் கையில் பிடித்து, விரலை வரிமேல் ஓட்டி, ஏற்ற இறக்கத்தோடு சொல்வார்கள். வீட்டிலே தாத்தாவும் ஆச்சியும் கேட்டுப் பூரித்துப் போவார்கள். நடுவிலே ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, இது என்னம்மா என்று கேளுங்கள். பிள்ளை விழிக்கும். அல்லது முதல் வரியிலிருந்து மறுபடி ஒப்பித்துக்கொண்டே வந்து அந்த இடத்திலே நிற்கும். அவள் படிக்கவில்லை, நினைவிலிருந்து சொல்கிறாள். இது தெரியாமலே இரண்டாம், மூன்றாம் வகுப்புக்குப் போய்விடுகிற பிள்ளை, நான்காம் வகுப்பிலே கணக்குப் பாடத்தின் கேள்வியைக்கூடப் புரிந்துகொள்ள முடியாமல் தவிக்கும். கணக்கு வரவில்லை என்று வீட்டில் அடி விழும். உண்மையில் வராதது கணக்கன்று.

வீரமாமுனிவர் கண்ட தமிழ்நாட்டிலே கற்றவர்கள்கூட ஓரளவு இப்படித்தான் படிக்க வேண்டியிருந்தது. அது அவர்கள் குற்றமன்று, எழுத்தின் நிலை அப்படி.

இன்று நாம் எ என்றும் ஏ என்றும் வேறுபடுத்தி எழுதுகிறோம். பழைய முறையிலே குறிலுக்கு மேலே ஒரு புள்ளி வைப்பார்கள், புள்ளி இல்லாவிட்டால் நெடில். ஒகரத்துக்கும் அப்படியே. இலக்கணத்திலே இது தெளிவாக இருந்தது. ஆனால் ஓலையிலே எழுத்தாணியால் எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவது வழக்கமாயிற்று. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. விளைவு என்ன? கெடு, கேடு இரண்டும் ஓலையிலே ஒன்றுபோல் இருந்தன. எடு என்பதும் ஏடு என்பதும் ஒன்று. பெறு, பேறு ஒன்று. தொடு, தோடு ஒன்று. முன்பின் பார்த்து, இடம் நோக்கி, ஏற்கெனவே பாட்டை அறிந்தவர் மட்டுமே தடையின்றிப் படிக்க முடியும். ஆசிரியர் வாயால் கேட்டிராத புதிய சொல் ஒன்று வந்தால், படிப்பவர் ஊகிக்கத்தான் வேண்டும்.

பாட்டி சொல்லக் கேட்ட பாடல்களோடு வளர்ந்த புலவர்க்கு இது பெரிய இடையூறு அன்று. முப்பது வயதிலே ஓலையைப் பிடித்த இத்தாலிய மாணவருக்கு இது மதிலாகவே நின்றிருக்கும். அவர் செய்த மாற்றம் பார்வைக்கு மிகச் சிறியது. குறில் எகரத்தைப் புள்ளியில்லாமல் எ என்றே எழுதினார். நெடிலுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து ஏ ஆக்கினார். ஒகரத்துக்குச் சுழி சேர்த்து ஓ ஆக்கினார். உயிர்மெய்யிலே கெ என்பதற்கு ஒற்றைக் கொம்பு, கே என்பதற்கு மேலே சுழித்த இரட்டைக் கொம்பு. புள்ளியைப்போல இவை விட்டுப்போகக்கூடியவை அல்ல. எழுத்தின் உடம்போடு ஒட்டியவை. இம்மாற்றம் அவருடையதே என்பது தமிழறிஞர் பொதுவாகக் கொண்ட கருத்து. உடனே நாடெங்கும் பரவிவிடவில்லை. அவர் மறைந்து நெடுங்காலத்துக்குப் பின், அச்சுப் புத்தகங்கள் பெருகப் பெருகத்தான் நிலைபெற்றது. இன்று நம் பிள்ளைகள் கேட்டே இராத சொல்லையும் எழுத்தைப் பார்த்து உரக்கச் சொல்ல முடிகிறதென்றால், அந்தக் கோட்டுக்கும் சுழிக்கும் அதில் பங்குண்டு.

அடுத்தது அகராதி. இதுவும் அதே மதிலை இன்னோர் இடத்திலே உடைத்த வேலைதான்.

அந்நாளிலே சொற்பொருள் அறிய நிகண்டுகள் இருந்தன. திவாகரம், பிங்கலந்தை, மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி முதலியவை. எல்லாம் செய்யுள். திண்ணைப் பள்ளியிலே அண்ணாவியார் சொல்லிக்கொடுக்க, பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று பொருள் வாரியாகத் தொகுதிகள் அமைந்திருக்கும். நல்ல முறைதான். ஆனால் நித்திலம் என்ற சொல்லின் பொருள் தெரியாத ஒருவர் அதை எந்தத் தொகுதியிலே தேடுவார்? மரத்திலா, விலங்கிலா? பொருள் தெரிந்தால்தான் பொருளைத் தேடலாம் என்ற நிலை. மனப்பாடம் செய்தவர்க்கு நிகண்டு பெருஞ்செல்வம். மற்றவர்க்கு அது பூட்டிய பெட்டி.

அகர வரிசையிலே சொற்களை நிறுத்தும் எண்ணம் தமிழுக்கு முன்பே தோன்றியிருந்தது. சிதம்பர ரேவணசித்தர் 1594இல் அகராதி நிகண்டு என்ற பெயரிலேயே ஒரு நூல் செய்தார்; அவர் முதலெழுத்து வரிசையை மேற்கொண்டார். இன்னும் முன்னே, நம் தாமிரபரணி கடலிலே கலக்கும் புன்னைக்காயலில் வாழ்ந்த அண்டிரிக் அடிகளார், புதிதாக வரும் குருக்கள் தமிழ் கற்பதற்கென்று போர்த்துக்கேய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதினார். தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்திலே வெளிவந்ததும் அவராலேயே. ஆகவே வீரமாமுனிவர் வெறும் நிலத்திலே வந்து வீடு கட்டியவர் அல்லர். கற்கள் கிடந்தன. அவற்றை எடுத்து அடுக்கி, வாசலும் வைத்தார்.

1732இல் அவர் முடித்த சதுரகராதி நான்கு பகுதிகள் உடையது. சதுர் என்றால் நான்கு. பெயரகராதி, பொருளகராதி, தொகையகராதி, தொடையகராதி. ஒரு சொல்லுக்கு உரிய பல பொருள்களை முதலாவது தரும். ஒரு பொருளுக்கு உரிய பல சொற்களை இரண்டாவது தரும். மூன்றாவதிலே எண்ணிக்கையால் சேர்ந்த கூட்டங்கள்: முத்தமிழ், ஐம்பொறி, அறுசுவை, நவரத்தினம் போன்றவை. நான்காவது செய்யுள் இயற்றுவோருக்கு எதுகை தேடித் தருவது. நிகண்டுகளிலே ஒரு தொகுதி எதுகை முறையில் அமைந்திருந்ததும் அவருக்குத் துணையாகியிருக்கும்.

இந்த நான்கையும் நாங்கள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையின் கண்ணால் பார்த்தபோது வியந்தோம். சொற்கள் உறவு கொண்டாடும் நான்கு விதங்கள் இவை. ஒலியாலே உறவு, பொருளாலே உறவு, தொகையாலே உறவு, ஒரே சொல்லுக்குள்ளே பல பொருள் குடியிருக்கும் உறவு. நான்கு உறவுக்கும் நான்கு வீடு. புலவர்களுக்கென்று அமைந்த அந்த வீடுகளிலே ஐந்து வயதுப் பிள்ளைகளை விளையாட விட்டால் என்ன என்று தொடங்கினோம்.

ஆங்கில வகுப்பிலே கேட், பேட், மேட் என்று ஒரே முடிவுள்ள சொற்களைக் கூட்டமாகச் சொல்லிக்கொடுப்பதைப் பெற்றோர் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்திலே ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறாக ஒலிப்பதால் அந்த முறை அவர்களுக்கு மிகவும் தேவைப்படுகிறது. தமிழிலே அந்தத் தொல்லை குறைவு. நம் பிள்ளைக்குத் தொல்லை வேறு: 247 எழுத்து, குறில் நெடில் மயக்கம், எழுத்தை ஒவ்வொன்றாய்ச் சொல்லிவிட்டுச் சொல்லாகச் சேர்க்கத் தெரியாத தடுமாற்றம். ப, ட, ம் என்று தனித்தனியே சொல்லி முடித்துவிட்டு, பிறகு மரம் என்று சொல்லும் பிள்ளையை எல்லா ஆசிரியையும் பார்த்திருப்பார்கள். ஆகவே ஆங்கில முறையை அப்படியே எடுக்காமல், தொடையகராதியின் வழியிலே போனோம்.

முதல் விளையாட்டுக்கு ஒரு பனையோலைப் பெட்டியும் அட்டைத் துண்டுகளும் போதும். ஓர் அட்டையிலே ‘டம்’ என்று பெரிதாக எழுதி, அதற்கு முன்னே சிறு சன்னல் வெட்டிக்கொள்ள வேண்டும். சன்னலுக்குப் பின்னே நீண்ட ஓலைத் துண்டு ஒன்று மேலும் கீழும் நகரும். அதிலே ப, கு, இ, ம, த, வ என்று எழுத்துகள். ஓலையை இழுக்க இழுக்கப் படம், குடம், இடம், மடம், தடம், வடம் என்று சொற்கள் வரும். பின்பாதி மாறாமல் நிற்பதால் பிள்ளையின் கண் முதலெழுத்தில் மட்டும் நின்றால் போதும். இரண்டு நாளிலே சேர்த்துப் படிக்கும் சூட்சுமம் பிடிபடத் தொடங்குகிறது. இரண்டாம் எழுத்து ஒன்றினாலே எதுகைதான், படத்துக்குக் கடலும் எதுகையாகும்; இருந்தாலும் சின்னஞ்சிறு வகுப்புக்குக் கடைசி எழுத்து வரை ஒத்த சொற்களையே எடுத்துக்கொள்கிறோம்.

எதுகைக்கு இன்னொரு விதி உண்டு, முதலெழுத்தும் அளவிலே ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். இந்த விதி எங்களுக்குப் பெரிய உதவியாயிற்று. பள்ளி முற்றத்திலே சுண்ணக்கட்டியால் இரண்டு வீடு வரைந்தோம், குறில் வீடு, நெடில் வீடு. ஆளுக்கு ஒரு சொல் அட்டை. படம், மடம், குடம் ஒரு வீட்டிலே. பாடம், மாடம், கூடம், ஓடம், வேடம் அடுத்த வீட்டிலே. அட்டையைப் படித்துத் தன் வீட்டுக்கு ஓட வேண்டும். பிறகு குடம் வைத்திருப்பவள் எதிர் வீட்டிலே தன் அக்காளைத் தேட வேண்டும், கூடம்! கொஞ்ச நாளிலே வீரமாமுனிவர் பிரித்துவைத்த சொற்களே வந்துவிடும்: எடு, கெடு ஒரு பக்கம், ஏடு, கேடு மறுபக்கம். பாண்டிக் கட்டத்திலே எழுத்துகளை எழுதி, சில்லு விழுந்த கட்டத்து எழுத்தோடு ‘டு’ சேர்த்துச் சொல்லித் தாண்டும் ஆட்டமும் உண்டு. ஓய்வு நேரத்திலே பெரிய வகுப்புப் பிள்ளைகளும் வந்து நின்றுவிடுகிறார்கள், விரட்ட வேண்டியிருக்கிறது.

இல்லாத சொல்லை ஒருத்தி சொல்லிவிட்டால்? அப்படி நடக்காத நாளே இல்லை. அகராதியை எடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். சடம் என்றாள் ஒருத்தி, எல்லாரும் சிரித்தார்கள். அகராதியிலே இருந்தது. உயிரற்ற பொருள் என்று அறிந்ததும், சிரித்தவர்கள் வாய் மூடினார்கள். லடம் என்றாள் இன்னொருத்தி, அது இல்லை. லகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலிலே வராது என்ற இலக்கணம் அன்றைக்கு அவர்கள் கேட்காமலே கிடைத்தது.

கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பொருளகராதி பிடிக்கிறது. கடலுக்கு எத்தனை பெயர் என்று தொடங்கினால் ஆழி, பரவை, முந்நீர், பௌவம் என்று சேரும். முத்துக்குத் தரளம், நித்திலம். முத்துக்குளித்துறையின் பிள்ளைகளுக்கு முத்தின் மறுபெயர்கள் தெரிந்திருக்க வேண்டாமா? முத்து அட்டையை நடுவிலே வைத்துவிட்டு, அதன் உறவுகளைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்துச் சுற்றிலும் வைப்பார்கள். அப்படி வைக்கும்போது ஆழி என்ற அட்டை சண்டையை உண்டாக்கும். அது கடலுக்கும் உறவு, சக்கரத்துக்கும் உறவு, மோதிரத்துக்கும் உறவு. இங்கே பெயரகராதி வந்துவிடுகிறது. படி என்ற சொல்லை ஒருநாள் கரும்பலகையில் எழுதிவிட்டு நடித்துக் காட்டச் சொன்னோம். ஒருத்தி புத்தகத்தை விரித்தாள், ஒருத்தி மாடிப்படி ஏறினாள், ஒருத்தி அரிசி அளந்தாள்.

அம்மானை ஆட்டத்தையும் இதிலே சேர்த்துக்கொண்டோம். பெண்கள் உட்கார்ந்து காய்களை மேலே எறிந்து பிடித்தபடி பாடும் பழைய ஆட்டம் அது. அந்தப் பாட்டு வடிவத்தை வீரமாமுனிவரும் விடவில்லை. கித்தேரியம்மாள் என்ற கன்னி வேதசாட்சியின் கதையை அம்மானையாகப் பாடினார். பெண்கள் நாவில் பழகிய வடிவத்திலே ஒரு பெண்ணின் கதை. தேம்பாவணியைப் பாடிய அதே புலவர்தாம் இதற்கும் இறங்கிவந்தார். எங்கள் வகுப்பிலே காய்க்குப் பதில் துணிப்பந்து. எறிகிறவள் ஒரு சொல் சொல்வாள், பந்து கீழே விழுமுன் அடுத்தவள் அதே குடும்பத்துச் சொல்லைச் சொல்லிப் பிடிக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருத்தியும் ஐந்து சொற்களை எழுதித்தான் வெளியே போக வேண்டும். எழுதாத விளையாட்டு மாலைக்குள் மறந்துபோகும்.

வீட்டிலே இதற்கெல்லாம் நேரம் ஏது என்று பெற்றோர் கேட்கலாம். பேருந்து நிலையத்திலே நிற்கும் நேரம் போதும். பேருந்துப் பலகைகளிலே ஊர்ப் பெயர்கள் குடும்பம் குடும்பமாகவே வந்து நிற்கின்றன. புன்னைக்காயல், பழையகாயல் ஒரு குடும்பம். காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம் ஒரு குடும்பம். கோவில்பட்டி, காமநாயக்கன்பட்டி இன்னொன்று. முழுப் பெயரையும் படிக்கத் தெரியாத பிள்ளை, பட்டி என்ற வாலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடும்.

அவர் எழுதியவற்றுள் நம் பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டியவர் பரமார்த்த குருதான். பரமார்த்த குருவும் சீடர் ஐவரும் செய்த கோமாளித்தனங்களைப் பேச்சுத் தமிழுக்கு நெருங்கிய நடையிலே எழுதி, இலத்தீன் மொழிபெயர்ப்பும் சேர்த்தார். தமிழ் கற்க வரும் ஐரோப்பியர் சிரித்துக்கொண்டே படிக்கட்டும் என்பது எண்ணம். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையைத் தண்ணீரிலே தோய்த்துப் பார்ப்பார்கள். சுர்ரென்று சத்தம் எழுந்தால் ஆறு விழித்திருக்கிறது என்று ஓடிவருவார்கள். அணைந்துபோன அதே கட்டையை மறுபடி தோய்த்து, சத்தம் இல்லை, ஆறு தூங்கிவிட்டது என்று கடப்பார்கள். கரையேறி எண்ணும்போது ஒவ்வொருவரும் தம்மை விட்டு எண்ணி, ஒருவரை ஆறு கொண்டுபோயிற்று என்று அழுவார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குவார்கள். சீடர்களின் பெயர்களைக் கவனித்தீர்களா? மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். பெரும்பாலும் ஒரே பொருள் குறிக்கும் பெயர்கள்! சதுரகராதி செய்தவரின் குறும்பு கதையிலும் எட்டிப்பார்க்கிறது. மறுபெயர்களைப் புலவர் செய்யுளிலே மனப்பாடம் செய்ய, கதை கேட்ட பிள்ளைகள் அவற்றைச் சிரித்தே கற்றுக்கொண்டார்கள்.

உபதேசியார்களுக்கென வேதியர் ஒழுக்கம், புலமை நாடுவோர்க்குத் தொன்னூல் விளக்கம், புதிய குருக்களுக்கு இலத்தீனிலே கொடுந்தமிழ் இலக்கணம் என்று அவர் ஆளுக்கேற்றபடி எழுதினார். கொடுந்தமிழ் என்றது மக்கள் பேசும் தமிழை. பேச்சு வேறு, ஏடு வேறு என்பதை மறைக்காமல் இரண்டுக்கும் தனித்தனி இலக்கணம் செய்தது கற்போர்மேல் அவர் கொண்ட இரக்கம். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் சபையாரோடு அவர் எழுத்திலே கடுமையாக வாதிட்டவர். அந்தக் கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டதோ அதே தரங்கம்பாடி அச்சகம்! கொள்கையிலே எதிரிகள், ஆனால் தமிழ் கற்க அவர் நூலைவிட நல்லது அவர்களிடம் இல்லை.

1741இல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றினர். உள்நாட்டிலே அமைதி குலைந்த அக்காலத்தில் வீரமாமுனிவர் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். புனித சவேரியார் தங்கிய குகையும் திருச்சிலுவைத் திருத்தலமும் உள்ள மணப்பாட்டிலே அவர் பணியாற்றினார். அறுபது வயது கடந்தவர். தமிழ் மண்ணிலே முதன்முதல் காமநாயக்கன்பட்டிக் கரிசலை மிதித்தவர், முதுமையிலே அதே மாவட்டத்தின் கடல் மணலுக்கு வந்து சேர்ந்தார். பின்னர் மலையாள நாட்டு அம்பலக்காட்டுக்குச் சென்று, 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அங்கே இறைவனடி சேர்ந்தார்.

அவர் கையெழுத்தாக விட்டுச்சென்ற நூல்கள் பல அடுத்த நூற்றாண்டிலேதான் அச்சேறின. பரமார்த்த குருவின் கதையை பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1822இல் லண்டனில் வெளியிட்டார். சதுரகராதி 1824இல் சென்னையிலே அச்சாயிற்று. 1968இல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினா கடற்கரையிலே அவருக்குச் சிலை எடுத்தார்கள். நம் பள்ளி நூலகத்திலே சதுரகராதி ஒன்று இருக்கிறது. பைண்டிங் தளர்ந்துவிட்டது. தொடையகராதிப் பக்கங்களிலே மட்டும் சுண்ணக்கட்டி விரல் தடங்கள் நிறைய.